சின்ன பாத்ரூமுக்குத் தனியாக நிற்கும் குளியல் தொட்டி: வேலூர் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீடுகளில் பைப் வேலை, டைல்ஸ் வேலைக்கு மேற்பார்வை பார்க்கிறேன். சுவரோடு சேர்த்துக் கட்டாமல் தரையில் தனியாக நிற்கிற பாத்டப் பற்றி இப்போது நிறைய பேர் விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டப் வந்த பிறகும் வீட்டில் உள்ளவர்கள் வாளி வைத்து நின்று குளிக்க இடம் இருக்க வேண்டும். தினசரிக் குளியல் அங்கேதான் நடக்கும். அந்த இடம் போய்விடும் என்றால் டப் வேண்டாம்.

எங்கள் பாத்ரூம் 5 அடிக்கு 7 அடி. இதில் டப் வைக்க முடியுமா?

முடியும், 4 அடி டப் எடுத்தால். சின்ன டப் என்று கடைகளில் வருபவை பெரும்பாலும் 1200 முதல் 1500 மி.மீ. நீளம், 700 முதல் 750 அகலம், 550 முதல் 600 உயரம். விளம்பரப் படங்களில் வருவது 1700 மி.மீ. டப். அது உங்கள் பாத்ரூமுக்கு ஆகாது.

5 அடிச் சுவர் என்றால் 1524 மி.மீ. இரண்டு பக்கமும் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு அங்குலம் எடுத்துக்கொள்ளும். கையில் நிற்பது சுமார் 1480. அங்கே 1200 டப்பைக் குறுக்கே வைத்தால் இரண்டு ஓரத்திலும் 14 செ.மீ. கிடைக்கும். துணியோடு கை நுழைய அது போதும். ஆசைப்பட்டு 1400 டப் வாங்கினால் ஓரத்தில் 4 செ.மீ.தான். அந்த இடுக்கில் முடியும் சோப்பு அழுக்கும் சேர்ந்து கறுத்துப் போகும், எந்தத் துடைப்பமும் உள்ளே போகாது.

டப்பின் ஒரு பக்கத்தைப் பின் சுவரோடு ஒட்டிவிட்டால், 7 அடியில் 2 அடி 4 அங்குலம் டப்புக்குப் போகும். மீதி 4 அடி 8 அங்குலம். வெஸ்டர்ன் கிளாசட்டுக்கு நடுவிலிருந்து பக்கத்துக்கு 15 அங்குலமாக மொத்தம் 30 அங்குலம் விட்டாக வேண்டும். கிளாசட்டுக்கு முன்னால் கிடைக்கிற இரண்டரை அடிதான் நின்று குளிக்கிற இடம். வாஷ்பேசினை வெளியே, சாப்பாட்டு அறைப் பக்கம் மாற்றிவிட்டால் மூச்சு விட இடம் கிடைக்கும். நம் வீடுகளில் அது புதிதல்ல.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். தரை காய்ந்திருக்கும்போது டப்பின் அளவைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி வையுங்கள். சாக்பீஸ் என்றால் முதல் குளியலிலேயே போய்விடும். ஒரு வாரம் அந்தக் கோட்டுக்குள் கால் வைக்காமல் குளியுங்கள், துணி அலசுங்கள், குழந்தைக்குத் தலை தேய்த்து விடுங்கள். உள்ளே திறக்கும் கதவு கோட்டைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். தொட்டால் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றலாம்.

பாத்ரூம் 4 அடிக்கு 7 அடி என்றால்?

வேண்டாம். 4 அடிச் சுவருக்கு நடுவில் 4 அடி டப் உட்காராது, பூச்சும் டைல்ஸும் குறுக்கே நிற்கும். நீளவாக்கில் போட்டால் நடக்க ஒன்றரை அடிதான் மிஞ்சும். அந்தக் காசுக்கு நல்ல ஷவரும், வாட்டம் சரியாக விட்ட தரையும் போடுங்கள்.

டப் வாசலில் நுழையுமா?

பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. நிலையின் உள் அளவு எடுத்தால் 27, 28 அங்குலம்தான் வரும், அதாவது 700 மி.மீ. பக்கம். 700 அகல டப் நேராகப் போகாது. பக்கவாட்டில் சாய்த்தால் அதன் உயரம்தான் அகலமாகிறது, 580 மி.மீ. என்றால் நுழைந்துவிடும். அதனால் டப்பின் மூன்று அளவுகளையும் எழுதி வாங்கிக்கொண்டு, நிலையின் உள் அளவோடு ஒப்பிடுங்கள். படிக்கட்டின் திருப்பத்தையும் அளக்க மறக்கக் கூடாது. கொசப்பேட்டை, சைதாப்பேட்டை மாதிரிப் பழைய தெருக்களில் மாடிப்படி இரண்டரை அடிதான் இருக்கும், திருப்பத்தில் டப் மாட்டிக்கொள்ளும். அங்கே பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு ஆள் கூலி தனி.

எந்தப் பொருளில் செய்தது நல்லது?

நம் ஊருக்கு அக்ரிலிக். நான்கு அடி டப் 25 முதல் 40 கிலோ வரைதான், இரண்டு பேர் தூக்கிவிடலாம். உள் தோல், வெளித் தோல் என்று இரண்டு அடுக்காக வருவதால் நடுவில் இருக்கும் காற்று சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். கீழே இரும்புச் சட்டமும் திருகு வைத்த கால்களும் இருக்கும். பாத்ரூம் தரையில் வாட்டம் இருப்பதால் அந்தக் கால்களைத் திருகித்தான் டப்பைச் சமன் செய்வோம். விளிம்பில் ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. தண்ணீர் வடிய வேண்டிய சரிவு டப்பின் அடியிலேயே அச்சில் வந்திருக்கும். அதனால் தரைச் சரிவை நம்பி டப்பைச் சாய்த்து வைக்கத் தேவையில்லை.

கடையில் டப்பின் நடுவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் 'டப்' என்று திரும்பி வந்தால் மெல்லிய தகடு. முஷ்டியால் தட்டினால் பிளாஸ்டிக் வாளிச் சத்தம் வரக் கூடாது. அக்ரிலிக் தகட்டின் பின்னால் ஃபைபர் அடுக்கு எவ்வளவு தடிமனாகப் பூசியிருக்கிறார்கள் என்று அடிப்பக்கம் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெறும் ஃபைபரில் மேலே பளபளப்புப் பூச்சு மட்டும் கொடுத்தது விலை குறைவு. உப்புத் தண்ணீரும் தேய்ப்பும் சேர்ந்து அந்தப் பளபளப்பைச் சீக்கிரம் எடுத்துவிடும்.

கல்பொடியும் ரெசினும் கலந்து வார்த்த டப் பார்க்க அழகு, சூடும் நிற்கும். ஆனால் வெறும் டப்பே 80 கிலோவுக்கு மேல். வார்ப்பிரும்பு 100 கிலோவைத் தாண்டும். தரைத் தளத்தில், மண் மேல் போட்ட தரை என்றால் தாராளமாக வைக்கலாம். மாடியில் என்றால் அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அண்டாவில் காய்ச்சிய கொதிநீரை அக்ரிலிக் டப்பில் நேராக ஊற்றாதீர்கள். கொதிக்கிற சூட்டில் அக்ரிலிக் இளகி நெளிந்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், அதற்கு மேல் வெந்நீர்.

மாடி பாத்ரூம். தளம் தாங்குமா?

கணக்குப் போட்டே பார்ப்போம். 4 அடி அக்ரிலிக் டப் 35 கிலோ, தண்ணீர் 110 லிட்டர் என்றால் 110 கிலோ, உள்ளே உட்காருபவர் 75 கிலோ. மொத்தம் 220. அது நிற்கும் இடம் முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆக சதுர மீட்டருக்கு 260 கிலோ வருகிறது. வீட்டு பாத்ரூம் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 875) சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு. அந்த ஓரத்தில் மட்டும் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம். 5க்கு 7 அறை மூன்றேகால் சதுர மீட்டர், மொத்தமாக 650 கிலோவுக்குக் கணக்குப் போட்டுத்தான் கம்பி கட்டியிருப்பார்கள். நல்ல கான்கிரீட் தளத்தில், சுவர் ஓரமாக, இந்த அளவு அக்ரிலிக் டப் பிரச்சினை தராது.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வேறு. பைப்புக்காகத் தாழ்த்திப் போட்ட தளத்தை உடைசெங்கல்லும் சிமெண்டும் போட்டு நிரப்பியிருப்பார்கள். அந்தச் சுமை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. கூரையின் அடிப்பக்கம் ஈரக்கறை, கம்பி துருவேறிப் பூச்சு உதிர்வது தெரிந்தால் டப் யோசனையை விட்டுவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உத்திரம் போட்டுச் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் எந்த டப்பும் வேண்டாம். பழைய வடார்க்காடு வீடுகளில் அந்தத் தளம் இன்னும் இருக்கிறது. ஈரம் இறங்கி உத்திரத்தின் முனை உளுத்துப் போவது வெளியே தெரியாது. கல் ரெசினோ வார்ப்பிரும்போ மாடியில் வைக்க வேண்டும் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும். மேஸ்திரியின் "தாங்கும் சார்" போதாது.

தண்ணீருக்கே தவிக்கிற ஊரில் டப் தேவையா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் முறை வைத்து வருகிறது. சித்திரை, வைகாசியில் போர் இறங்கிவிட்டால் லாரிதான்.

கம்பெனி அட்டையில் 170 லிட்டர் என்று போட்டிருந்தால் அது வழியும் துளை வரைக்குமான கொள்ளளவு. நீங்கள் உள்ளே உட்கார்ந்தால் உங்கள் உடம்பே அறுபது லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். உண்மையில் பிடிப்பது 110. நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து 135 லிட்டர் என்று அரசு குடிநீர்த் திட்டங்களில் கணக்கு வைக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் ஒரு டப் குளியல் எவ்வளவு என்று புரியும். வாளிக் குளியலுக்கு 20, 30 லிட்டர் போதுமே.

வாரம் ஒரு முறை, பத்து நாளைக்கு ஒரு முறை என்றால் சமாளிக்கலாம். தினமும் என்றால் என் மனது ஒப்பாது. சோப்பு போடாமல் ஊறின தண்ணீரை வீணாக விடத் தேவையில்லை. கழிவுக் குழாயில் ஒரு வால்வு வைத்து வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடலாம். தரைத் தளம் என்றால் இந்த வேலை எளிது, டப் வைக்கும்போதே செய்துவிட வேண்டும்.

டப்பில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? பழைய வீட்டில் சிமெண்ட் தொட்டி இருந்ததே.

அந்தத் தொட்டி தினமும் மொண்டு காலியாகிற தொட்டி. டப்பில் பிடித்து வைத்தால் குளிக்கவும் முடியாது, மொண்டு கொள்ளவும் வாகாக இருக்காது. மேலே மூடியும் இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் இருக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அவசரத்துக்கு ஒரு ராத்திரி பிடித்து வைத்தால் மறுநாளே காலி செய்து துடைத்துவிடுங்கள்.

வீட்டில் 25 லிட்டர் ஹீட்டர் இருக்கிறது. போதுமா?

நம் ஊரில் பச்சைத் தண்ணீரே 28 டிகிரி இருக்கும். சுகமாக ஊற 38 டிகிரி போதும். 60 டிகிரிக்குச் சூடாக்கிய நீர் என்றால் 110 லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 35 லிட்டர் கலந்தால் சரியாக வரும். 25 லிட்டர் ஹீட்டரில் ஒரே மூச்சில் கிடைக்காது. ஒரு தடவை இறக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் டப்பில் இருப்பது ஆறிக்கொண்டிருக்கும். 50 லிட்டர் என்றால் மார்கழிக்கும் தாங்கும். குழாயிலேயே சூடாக்கும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் நிமிடத்துக்கு நாலு லிட்டர் சொச்சம்தான் தரும், டப் நிரம்ப இருபத்தைந்து நிமிடம் ஆகும். மின்சாரம் ஒரு குளியலுக்கு ஒன்றரை யூனிட் பக்கம்.

மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், வேலூர் வெயில் அதைப் பார்த்துக்கொள்ளும். கத்திரியில் குளிர்ந்த நீரில் ஊறத்தான் டப் என்கிறவர்கள் விடியற்காலையில் நிரப்புங்கள். மதியத்துக்கு மேல் மாடி டேங்கிலிருந்து வருவது கை வைக்க முடியாத சூடு.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. டப் வெள்ளை வெள்ளையாகப் படியாதா?

படியும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 600 வரை. நம் பக்கம் பல போர்களில் தண்ணீர் இந்த மேல் எல்லையை நெருங்கும், தாண்டவும் செய்யும். தோல் தொழிற்சாலைகள் உள்ள ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கழிவு இறங்கி நிலத்தடி நீரில் உப்பு இன்னும் ஏறியிருக்கிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விவகாரம் அது. டப் வாங்குவதற்கு முன் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், செலவு அதிகம் ஆகாது.

வெள்ளைப் படிவு எப்போது வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் நிற்கும்போது வராது, காயும்போதுதான் வரும். டப் காலியானதும் அடியில் திட்டுத் திட்டாக நிற்கிற துளிகள் காய்ந்து ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையமாக மாறும். முதல் வாரத்து வளையம் விரலால் தேய்த்தாலே போகும். அதன் மேலேயே அடுத்தது படிந்து ஆறு மாதம் ஆனால் சொரசொரப்பாகிவிடும். அதனால் குளித்து முடித்ததும் பழைய வேட்டித் துண்டால் ஒரு துடை துடைத்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. படிந்துவிட்டால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்து, கால் மணி நேரம் போர்த்தி வைத்துத் துடைக்கலாம். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும்.

டைல்ஸுக்கு ஊற்றுகிற ஆசிட்டைத் தயவுசெய்து டப் பக்கம் கொண்டுவராதீர்கள். குரோம் குழாய் கறுத்துவிடும், டப்பின் பளபளப்பு மங்கும். கம்பி நாரும் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். நிறத்தில் வெள்ளை வாங்குங்கள். கறுப்பு, சாம்பல் நிற டப்பில் உப்பு எட்ட நின்றாலே தெரியும்.

எண்ணெய்க் குளியல் டப்பில் செய்யலாமா?

கூடாது, வழுக்கும். நல்லெண்ணெய் பட்ட அக்ரிலிக்கில் கால் நிற்காது, எழும்போது பிடிக்க ஒன்றும் இருக்காது. எண்ணெயும் சீயக்காய்த் தூளும் சேர்ந்து டப்பின் சின்னக் குழாயில் களிம்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மஞ்சள் பூசிக் குளித்தால் டப்பில் கறை நிற்கும். வெளியே வாளி வைத்துத் தேய்த்து அலசிவிட்டு, அதற்குப் பிறகு வெந்நீரில் ஊறுங்கள். தீபாவளிக்கும் அப்படித்தான்.

கழிவு நீர் எப்படிப் போக வேண்டும்?

டப்பின் வாய் ஒன்றரை அங்குலக் குழாய். நூறு லிட்டருக்கு மேல் ஒரேயடியாக இறங்கும். செலவு மிச்சம் என்று அந்தக் குழாயைத் தரையில் இருக்கிற டிராப்பின் (சாக்கடை நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் கழிவு வாய்) சல்லடை மேல் வெறுமனே விட்டுவிடுகிறார்கள். அப்போது டிராப் வாங்க முடியாமல் தண்ணீர் பொங்கி, வாசற்படி தாண்டி ஹாலுக்கு வரும். டப்புக்குத் தனி டிராப் வைத்து நேராக மூன்று அங்குல லைனில் சேர்க்க வேண்டும். இணைப்பைக் கை விட்டுக் கழற்ற வழி இருக்க வேண்டும், டப்பைத் தூக்கினால்தான் அடைப்பு எடுக்க முடியும் என்கிற நிலை வரக் கூடாது.

பாதாளச் சாக்கடை வராத பகுதிகளில் டப் தண்ணீரை செப்டிக் டேங்குக்கு விடாதீர்கள். ஒரேயடியாக அவ்வளவு தண்ணீர் போனால் அடியில் படிந்தது கலங்கி வெளியே தள்ளும். உறிஞ்சு குழிக்குத் தனி லைன் போடுங்கள்.

அடுக்குமாடி என்றால் கீழ் வீட்டுக் கூரை உங்கள் பொறுப்பு. டைல்ஸ் ஒட்டும் முன் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். வழியும் துளை இல்லாத டப்பை மாடிக்கு வாங்க வேண்டாம், குழாயைத் திறந்துவிட்டுப் போன் பேசப் போகாத வீடு கிடையாது.

முழுவதும் தனியாக நிற்பதா, சுவரோடு ஒட்டுவதா?

சின்ன அறைக்கு ஒரு பக்கம் தட்டையாக, சுவரோடு ஒட்டுகிற மாதிரி வருவதுதான் சரி. முன்னால் பார்த்தால் தனியாக நிற்கிற அழகு இருக்கும், பின்னால் துடைக்க இடுக்கு இருக்காது. சுவர் சேருமிடத்தில் பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் போட வேண்டும். டப்பை நிரப்பி, பாரம் இறங்கிய நிலையில் போட்டால் அது பிறகு பிரியாது.

குழாய் எது போடலாம்?

சுவரிலிருந்து வரும் சாதாரண ஸ்பவுட், கூட ஒரு கை ஷவர். தரையிலிருந்து எழுந்து நிற்கும் குழாய் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் இடத்தைத் தின்னும், தரையை உடைக்க வைக்கும். மாடி டேங்க் மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான். வெளிநாட்டு மாடல் குழாய்கள் பலவற்றுக்கு அது போதாது. ஸ்விட்ச், பிளக் எல்லாம் டப்பிலிருந்து இரண்டடிக்கு மேல் தள்ளி இருக்கட்டும். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் டப் வேலையை நான் ஆரம்பிக்க விடுவதில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. வெந்நீரில் ஊறினால் நல்லது என்று வாங்கலாமா?

ஊறுவது இதமாக இருக்கலாம். ஏறி இறங்குவதுதான் கஷ்டம். விளிம்பு ஏறக்குறைய இரண்டடி உயரம், ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தூக்கிப் போட வேண்டும், அதுவும் ஈரத்தரையில். முழங்கால் வலிக்காரர்கள் இதைத்தான் செய்ய முடியாது. ஆபரேஷன் முடிந்தவர்கள் தையல் ஆறும் முன் தண்ணீரில் ஊறக் கூடாது. சர்க்கரை நோய் இருந்து காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகே தெரியும். டாக்டரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் கேட்காமல் அவர்களுக்காக டப் வாங்காதீர்கள். சுவரில் திருகி வைத்த கைப்பிடியும், உட்கார்ந்து குளிக்க உயரமான ஸ்டூலும் உடனே உதவும்.

சின்னக் குழந்தை இருக்கிறது.

நாலு விரல்கடைத் தண்ணீரே ஆபத்து. குழந்தை உள்ளே இருக்கும்போது காலிங் பெல் அடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். குளித்ததும் டப்பைக் காலி செய்யுங்கள், கதவுக்கு மேலே தாழ்ப்பாள் வையுங்கள்.

வாடகை வீட்டில் வைக்கலாமா?

வீட்டுக்காரர் சம்மதித்தால். பைப்புக்குத் தரையை உடைக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

வேலூரிலேயே கிடைக்குமா, சென்னை போக வேண்டுமா?

பீங்கான் சாமான் நம் பக்கத்துக்குப் பழக்கமானது. பாரிவேர் ராணிப்பேட்டையில் வளர்ந்த பெயர், இப்போது ஸ்பெயின் நாட்டு ரோக்கா கையில் இருக்கிறது. ஆனால் டப் என்று வந்தால் இங்கே கடைகளில் கண்ணால் பார்க்க ஒன்றிரண்டுதான் இருக்கும், மற்றவை கேட்டலாக்கில். அளவு, பொருள் முடிவான பிறகு சென்னையிலோ பெங்களூரிலோ பெரிய ஷோரூம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு டப்புக்குள் உட்கார்ந்து பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். 4 அடி டப்பில் கால் நீட்ட முடியாது, முழங்கால் மடங்கித்தான் இருக்கும். முதுகுச் சரிவு உங்களுக்கு ஒத்துவருகிறதா, தோள் வரை தண்ணீர் வருமா என்பது உட்கார்ந்தால்தான் தெரியும். பிடித்துவிட்டால் ஆர்டரை இங்கே உள்ள டீலரிடம் கொடுங்கள். பிறகு ஏதாவது கழன்றால் கூப்பிட்ட குரலுக்கு வருபவர் அவர்தான்.

டெலிவரி வரும்போது என்ன பார்க்க வேண்டும்?

குட்டியானை வண்டியிலிருந்து இறக்கும்போதே அட்டையைப் பிரியுங்கள். விளிம்பின் மூலைகள், வடிகுழாய் வாய், கால்களின் திருகு, இந்த மூன்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் விரல் நகத்தில் தட்டுப்படும். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை டைல்ஸ் வேலை முழுவதும் முடியும் வரை உரிக்காதீர்கள். ஆனால் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தூக்கி நிறத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குறை ஏதாவது கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து, டெலிவரி ரசீதிலேயே எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிடுங்கள்.